பித்தளைத் தவலையில் வந்த கூழ்

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். எனக்கு அப்படித்தான் யோசிக்க வரும்.

1. எழுபத்தைந்தில், எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்த கையோடு, அடையாற்றில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஓராண்டுத் தற்காலிக வேலையில் சேர்ந்தேன்.

2. தெருவில் விற்கும் உணவில் இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் எவ்வளவு இருக்கின்றன, காரீயம் போல உடம்புக்கு ஆகாத உலோகங்கள் எவ்வளவு இருக்கின்றன என்று அளப்பது என் வேலை.

3. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பக்கங்களில் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, மாதம் ஒரு முறை ஒவ்வொருவரிடமும் மாதிரி வாங்கினேன்.

4. பன்னிரண்டாவது ஆள் ராஜா அண்ணாமலைபுரத்தில் கேழ்வரகுக் கூழ் விற்ற ஓர் அம்மா. முதல் மாதம் அவர் கூழில் காரீயம் இல்லை.

5. இரண்டாம் மாதம் இருந்தது. மூன்றாம் மாதமும் இருந்தது.

6. இரண்டு முடிவுகள் ஒத்துப்போவதால் முதல் முடிவுதான் பிழை என்று தீர்மானித்து, அதைச் சிவப்பு மையால் அடித்தேன்.

7. காரீயம் அதிகமுள்ளவர்களின் பட்டியல் அந்தச் சனிக்கிழமை மாநகராட்சிச் சுகாதாரப் பிரிவுக்குப் போகும் என்று எங்கள் பிரிவுத் தலைவர் சொன்னார். பட்டியலில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார்.

ஆறாவதுதான் என் தவறு என்று எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முன்பே வேறொன்று செய்திருந்தேன். அதைச் செய்தேன் என்றே எனக்குத் தெரியாததால் வரிசையில் அது இல்லை.

கூழ்க்கார அம்மாவின் கடை என்பது ஒரு தூங்குமூஞ்சி மரத்தின் நிழல், அவ்வளவுதான். அப்போது அங்கே தெருவுக்கு இரண்டு வீடாவது கட்டிக்கொண்டிருந்தார்கள். கொத்தனார்கள், சித்தாள்கள், மணல் வண்டி ஓட்டுகிறவர்கள், மந்தைவெளிப் பக்கத்து ரிக்‌ஷாக்காரர்கள் எல்லோரும் காலை ஏழு மணிக்கே வந்து குந்திவிடுவார்கள். கூழோடு வெங்காயமும் மோர் மிளகாயும் கிடைக்கும். மீன் மலிந்த நாட்களில் நெத்திலிக் கருவாடும் இருக்கும். அந்த அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். குடிசை கால்வாய் ஓரத்தில். கணவர் இல்லை.

அந்த மரத்தடி அவருக்கு மூன்றாவது இடம். லஸ் பக்கம் இருந்து ஒருமுறையும், மந்தைவெளியில் இருந்து ஒருமுறையும் மாநகராட்சிக்காரர்கள் அவரைக் கிளப்பியிருந்தார்கள். இதுவும் போனால் கல் சுமக்கத்தான் போக வேண்டும் என்று சொல்லியிருந்தார். இந்த இடுப்பு வலியோடு எத்தனை நாள் சுமக்க முடியும் என்று அவரே கேட்டுக்கொண்டு சிரித்தார்.

நான் போகும் முறையைச் சொல்ல வேண்டும். தோளில் துணிப்பை. அதில் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிய பாலிதீன் பாட்டில்கள், சீட்டு ஒட்டியவை. கையில் நான் கட்டம் போட்டுத் தயாரித்த நோட்டு. தேதி, நேரம், வெயிலா மேகமா, சாலையிலிருந்து எத்தனை அடி, பாத்திரம், மூடி உண்டா, ஈ மொய்க்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். ‘பாத்திரம்’ என்ற கட்டத்தில் சுத்தம், சுமார், அசுத்தம் மூன்றில் ஒன்றை எழுதுவேன்.

முதல் மாதம் எல்லோரிடமும் சொல்லாமல்தான் போனேன். என்னை அவர்களுக்குத் தெரியாதே. மாதிரி வாங்கிக்கொண்டு புறப்படும்போது “வரேன்” என்றேன். நம் ஊரில் போகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. கூழ்க்கார அம்மா உடனே, “எப்பம்மா வருவே?” என்று கேட்டார். அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை காலை என்று பதில் சொன்னேன். பஜ்ஜிக்காரர், சுண்டல்காரர், வேர்க்கடலைக்காரர், எல்லோரும் இதே கேள்வியைக் கேட்டார்கள். எல்லோருக்கும் நாள் சொன்னேன். சோற்று வியாபாரம் நடக்கும் இடத்தில் நாலு பேருக்கு நடுவே திடீரென்று போய்ப் பாட்டிலை நீட்டுவது எனக்கு மரியாதையாகப் படவில்லை. நோட்டின் பின்பக்கத்தில் அந்த நாட்களை அழகாக அட்டவணை போட்டும் வைத்திருந்தேன்.

ஆய்வுக்கூடத்தில் கூழை உலர்த்தி, எரித்துச் சாம்பலாக்கி, அமிலத்தில் கரைத்து, அதோடு டிதைசோன் என்ற கரைசலைச் சேர்த்துக் குலுக்குவோம். கரைசல் கரும்பச்சை. காரீயம் இருந்தால் செம்பருத்திப் பூ நிறத்துக்கு மாறும். இரண்டாம் மாதம் கூழ் மாதிரி மாறியபோது நான் முதலில் சந்தேகப்பட்டது என்னைத்தான். குடுவைகளை மறுபடி கழுவினேன். வெறும் வடிநீரை அதே வழியில் சோதித்தேன். பச்சையாகவே இருந்தது. பெட்ரோலில் காரீயம் உண்டு, கார் புகையோ என்று நினைத்தேன். ஆனால் அதைவிடப் போக்குவரத்து அதிகமுள்ள இடத்தில் விற்ற சுண்டல் பச்சையாகவே நின்றது. மூன்றாம் மாதமும் கூழ் சிவந்தது, முன்னைவிடத் தெளிவாக.

அந்தக் கூழில் இரும்பும் சுண்ணாம்பும் என் பட்டியலில் இருந்த வேறெந்தப் பண்டத்தையும்விட அதிகம். கல் சுமக்கிற பெண்கள் காலையில் குடிக்கிற ஒரே நல்ல உணவு அது. அதிலேயே காரீயமும் இருக்கிறது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அதற்காக எழுதாமல் இருக்கவும் முடியாது.

புதன்கிழமை தலைவர் என்னைக் கூப்பிட்டார். கடுமையானவர் இல்லை. ஆனால் சுற்றி வளைத்துப் பேச மாட்டார். அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுக்கலாமா என்று கேட்டேன். அவர் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டே, “அவங்களுக்காக நீ வருத்தப்படறது சரிம்மா. தினம் அதைக் குடிக்கிறவங்களுக்காக யார் வருத்தப்படறது?” என்றார். காரீயம் எதிலிருந்து வருகிறது என்றாவது கண்டுபிடிக்கிறேன், மாவையும் தண்ணீரையும் மோரையும் தனித்தனியாகச் சோதிக்கிறேன் என்றேன். சனிக்கிழமை மதியம்வரை நேரம் தந்தார்.

வியாழக்கிழமை காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனேன். அது திங்கட்கிழமை இல்லை என்பதோ, அவரிடம் சொல்லவில்லை என்பதோ அப்போது என் நினைவில் இல்லை.

என்னைப் பார்த்ததும் அவர் சந்தோஷப்படவில்லை. கையிலிருந்த அகப்பையைப் போட்டுவிட்டு, பக்கத்தில் கிடந்த தட்டை எடுத்து அவசரமாகக் கூழ்க் குண்டானை மூடினார். மறைக்க ஏதோ இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

“இன்னாம்மா, இன்னிக்கு வியாழக்கெழமதானே? திங்கக்கெழமதானே வருவேன்னு சொன்னே?”

கூழுக்காக வரவில்லை, கொஞ்சம் மாவும் மோரும் தண்ணீரும் வேண்டும் என்றேன். அவர் தட்டின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

“இன்னிக்கு எதையும் எடுக்காதம்மா. இது சொட்ட குண்டான். உனுக்குன்னா தவல எடுத்தாருவேன்ல.”

எனக்குப் புரியவில்லை. எந்தத் தவலை என்று கேட்டேன். அவர் பதில் சொல்லுமுன், சுவரோரம் குந்தியிருந்த ரிக்‌ஷாக்காரர் கூழைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“அந்தப் பித்தள தவலதான். நீ வர அன்னிக்கு அத்தத் தலையில தூக்கினு வந்து, ரெண்டு நாளு கழுத்தத் திருப்ப முடியாம கெடக்குது அக்கா.”

“எல்லாம் உன்னாலதான், பேசாத குடி” என்றார் அவர்.

பிறகு அவர் சொன்னதையும், ரிக்‌ஷாக்காரர் நடுநடுவே திருத்தியதையும் சேர்த்துத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. நான் முதல் முறை வந்தபோது, அடி நெளிந்த இந்த அலுமினியக் குண்டானில் இருந்துதான் கூழ் ஊற்றிக் கொடுத்தாராம். நான் தெரு முனையைத் தாண்டியதும் இந்த மனிதர், ஆபீசரம்மாவுக்குப் போய் சொட்டைக் குண்டானிலா ஊற்றுவது, ஊரிலே நம்மைப் பற்றி என்ன எழுதுவார்கள் என்று கேலி செய்தாராம். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அந்த அம்மாவுக்கு அது மனதில் தைத்துவிட்டது. குடிசையில் சாக்கில் சுற்றி வைத்திருந்த பித்தளைத் தவலை அவர் கல்யாணத்துக்குத் தாய் வீட்டில் கொடுத்த சீர். பல வருஷமாக உள்பக்க ஈயப் பூச்சு போய்க் கிடந்தது. தெருவோடு கூவிக்கொண்டு போன ஈயம் பூசுகிறவரைக் கூப்பிட்டு உள்பக்கம் பளபளவென்று பூசி வாங்கினார். நான் வருவதாகச் சொன்ன திங்கட்கிழமைக்கு முந்தைய நாளே அதில் கூழைக் கரைத்துப் புளிக்க வைத்தார். மாற்றிக் கொட்டினால் அழுக்கு சேருமே என்று தவலையோடு அப்படியே சுமந்து வந்தார். அதற்கடுத்த மாதமும் அதே மாதிரி.

மற்ற நாளெல்லாம் எதில் என்று கேட்டேன்.

“பின்ன, இதுலதான். அவ்ளோ கனத்த தெனைக்கும் எவ தூக்குவா?”

நான் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தேன். முதல் மாதம், பாத்திரம்: சுமார். இரண்டாம் மாதம், பாத்திரம்: சுத்தம். மூன்றாம் மாதம், பாத்திரம்: சுத்தம், சுத்தத்துக்குக் கீழே ஒரு கோடு. இரண்டு முறையும் அந்தத் தவலைக்கு எதிரே நின்றிருக்கிறேன். அதன் பளபளப்பைப் பார்த்து மகிழ்ந்தும் இருக்கிறேன். அலுமினியமா பித்தளையா என்று எழுத நான் போட்ட கட்டத்தில் இடம் இல்லை.

பூச்சுக்கு வெள்ளீயம்தான் எடுக்க வேண்டும். விலை குறைவு என்பதால் சிலர் காரீயத்தைக் கலந்து பூசுவார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. புளித்த கூழ் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான்.

அன்றைக்கு அந்தக் குண்டானில் இருந்தே கூழ் வேண்டும் என்றேன். அவர் சம்மதிக்கவில்லை. அரை மணி இருந்தால் குடிசைக்கு ஓடிப் போய்த் தவலையைக் கொண்டுவருவதாகச் சொன்னார். தினமும் விற்கிற கூழ்தான் எனக்கு வேண்டும் என்று மூன்று முறை சொன்ன பிறகு, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊற்றிக் கொடுத்தார். மாவும் மோரும் குழாய்த் தண்ணீரும் எடுத்துக்கொண்டேன். வியாபாரம் முடிந்ததும் அவரோடு கால்வாய் ஓரம் நடந்து போய்த் தவலையைப் பார்த்தேன். மிகக் கவனமாகத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தார். அமிலத்தில் நனைத்த வடிதாளால் உள்பக்கத்தை ஒரு இடத்தில் துடைத்து, தாளைப் பாட்டிலில் போட்டு மூடினேன். என்ன என்று கேட்டார். இரண்டு நாளில் சொல்கிறேன், அதுவரை இதில் எதுவும் வைக்க வேண்டாம் என்றேன். தப்பா ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இரண்டு நாளில் சொல்கிறேன் என்றே மறுபடியும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மாலை எல்லாம் முடிந்தது. மாவு, மோர், தண்ணீர், குண்டான் கூழ், நான்கும் பச்சை. துடைத்த தாள், குலுக்கி முடிப்பதற்குள் சிவந்துவிட்டது.

தலைவர் அறையில் ஐந்து குழாய்களையும் வரிசையாக வைத்துச் சொன்னேன். முதல் மாத முடிவு சரி, அதை அடித்தது தப்பு. பின்னிரண்டும் தவலையின் காரீயம், அந்த அம்மா தினம் விற்கும் கூழில் அது இல்லை. தலைவர் குழாய்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்திதான். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

“அந்த ரெண்டு நாள் மட்டும் ஏன் தவலையைக் கொண்டு வந்தாங்க?”

தற்செயல் என்று சொல்லியிருக்கலாம். அவர் மேற்கொண்டு கேட்டிருக்க மாட்டார். ஆனால் தற்செயல் என்றால் இன்னொரு நாளும் கொண்டுவரலாம் என்றாகும். பட்டியலில் அந்த அம்மா அப்படியே நிற்பார்.

“நான் வர நாளை முன்னாடியே சொல்லியிருந்தேன், சார்.”

“இவங்களுக்கு மட்டுமா?”

“பன்னிரண்டு பேருக்கும்.”

அவர் என் நோட்டை வாங்கிப் பின்பக்க அட்டவணையைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

“அப்போ ரெண்டு மாசமா தெருவில விக்கிறதை நாம சோதிக்கலை. உனக்காகச் செஞ்சதைத்தான் சோதிச்சிருக்கோம்.”

திட்டவில்லை. அதை முழுவதும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். இரண்டு மாத முடிவுகள் ரத்து. சொல்லாமல் போய் எல்லாவற்றையும் மறுபடி எடுக்க வேண்டும். இந்த வேலையை வைத்து நான் எழுதுவதாக இருந்த கட்டுரை நின்றது. கூழ்க்கார அம்மாவின் பெயரைத் தலைவரே தம் பேனாவால் பட்டியலில் இருந்து எடுத்தார். அந்தப் பட்டியலில் பிறகு யாரும் இல்லை. மாநகராட்சிக்கு எதுவும் போகவில்லை.

பிறகு யோசித்தபோது மற்றவையும் விளங்கின. தியாகராய நகர் பஜ்ஜிக்காரரின் எண்ணெய் முதல் மாதம் கறுத்திருந்தது, அடுத்த இரண்டு மாதமும் பொன்னிறம். வேர்க்கடலைக்காரர் ஊருக்கெல்லாம் பழைய செய்தித்தாளில் மடித்துக் கொடுப்பார். அச்சு மையில் இருந்து காரீயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பதும் என் வேலைதான். எனக்கு மட்டும் எங்கிருந்தோ வெள்ளைத்தாள் வாங்கி வைத்திருந்து மடித்துக் கொடுத்தார். அவரைச் சுத்தமான மனிதர் என்று குறிப்பு எழுதியிருந்தேன்.

சனிக்கிழமை காலை மரத்தடிக்குப் போனேன். நான் வாயைத் திறக்குமுன் அவர் கேட்டார்.

“எடத்தக் காலி பண்ணச் சொல்லுவாங்களா?”

மாட்டார்கள் என்றேன். உங்கள் கூழில் எந்தக் குறையும் இல்லை, எழுதிக் கொடுத்தாகிவிட்டது என்றேன். அடுத்தாற்போல் தவலையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் மூன்று விதமாக யோசித்து வந்திருந்தேன். மூன்றையும் விட்டுவிட்டு, பூசினவர் கலப்படம் செய்திருக்கிறார், அது கூழில் இறங்குகிறது, உடம்புக்குக் கெடுதல் என்று நேராகச் சொன்னேன்.

“உனுக்கோசரம்தாம்மா பூசினேன் அத்த.”

தெரியும் என்றேன். அவர் இரண்டு பேருக்குக் கூழ் ஊற்றிக் கொடுத்தார். மிளகாய் எடுத்து வைத்தார்.

“அப்ப அத்தக் குடிச்சவங்களுக்கு எதுனா ஆவுமா?”

மாதத்தில் ஒரு நாள், இரண்டு முறைதானே, அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்றுதான் நினைக்கிறேன் என்றேன். உறுதியாகத் தெரியாது என்பதையும் சொன்னேன். அவர் தலையாட்டினார். அந்த இரண்டு நாளும் யார் யார் வந்தார்கள் என்று மனதுக்குள் எண்ணிப் பார்க்கிறார் என்று முகத்தில் தெரிந்தது.

நாளை முன்கூட்டிச் சொன்னது என் தப்பு, இனிமேல் சொல்லாமல்தான் வருவேன் என்றேன். அதற்குத்தான் அவருக்குக் கோபம் வந்தது.

“சொல்லாம கொள்ளாம வந்து நின்னா நல்லாவா கீது? ஒருத்தரு வராங்கன்னா நாலு நல்லது எடுத்து வெக்க வேணாமா?”

ரிக்‌ஷாக்காரர், “சொட்ட குண்டானே ஒஸ்தின்னு டெஸ்ட்டு பண்ணி சொல்லிட்டாங்க, விடுக்கா” என்றார். அவர் சிரித்தார். எனக்கும் ஒரு குவளை ஊற்றினார், குண்டானில் இருந்துதான். மாதிரிக்கு இல்லை. உட்கார்ந்து குடித்தேன்.

இப்போது இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மீதியிருந்த மாதங்களில் சொல்லாமல் போய் எடுத்த மாதிரிகளை வைத்து அறிக்கை முடிந்தது. பன்னிரண்டு பேரில் நாலு பேர் இடம் மாறிவிட்டதால் எட்டுப் பேருடைய முடிவுகள்தான் அதில் இருக்கின்றன. பஜ்ஜிக்காரரின் எண்ணெயைப் பற்றியும் செய்தித்தாளைப் பற்றியும் அதில் நல்லவிதமாக எழுத முடியவில்லை. ஆனால் யாரையும் கிளப்பும் அளவுக்கு எதுவும் இல்லை. கேழ்வரகுக் கூழில் இரும்பும் சுண்ணாம்பும் எட்டுப் பண்டங்களிலேயே அதிகம். காரீயம் எங்கள் முறைக்குத் தென்படும் அளவில் இல்லை. அலுமினியத்தை அளப்பது திட்டத்தில் இல்லாததால் அதை யாரும் பார்க்கவில்லை. ஈயம் பூசினவரைத் தேடினோம், கிடைக்கவில்லை. என் வேலை நீட்டிக்கப்படவில்லை. இப்போது குடிநீர் சோதிக்கும் வேறொரு இடத்தில் இருக்கிறேன். கூழ்க்கார அம்மா போன மாதம் நான் போனபோதும் அதே மரத்தடியில் விற்றுக்கொண்டிருந்தார்.